கோரிப்பாளையம் மாடியிலிருந்து உன் பேரை எடுத்த விவரம்

சோணைச்சாமி துணை

வாடிப்பட்டி
28-4-78

அன்புள்ள மகன் காசிமாயனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கச்சி செல்லக்கிளியும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், நீயும் பம்பாயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால் அதுவே எனக்குப் போதும். நீ போட்ட இன்லண்டு லெட்டர் சித்திரை இரண்டாம் தேதி கிடைத்தது. செல்லக்கிளி வாசித்துக் காட்டினாள், பிறகு நானும் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். மே மாதம் பத்தாம் தேதிக்குள் அசல் சர்ட்டிபிகேட்டுகளைக் காட்டாவிட்டால் கம்பெனியில் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய், அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கடைசியில் நல்ல சேதி இருக்கிறது, பதறாமல் வாசி. செல்லக்கிளி தான் எழுதுகிறேன் என்றாள், இதை நானே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரே நாளில் முடியவில்லை, நேற்றும் இன்றும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத துக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் நாலு பேரும் குடியிருந்த கோரிப்பாளையத்து வீட்டுக்காரர் சிக்கந்தர் ராவுத்தர் பங்குனி பத்தாம் தேதி இறந்துபோனார். நீ பம்பாய் போய் இருபது நாள்கூட ஆகவில்லை. உன் அய்யா மாசியில், அவர் பங்குனியில். உன்னோடு இருந்த வெள்ளைத்துரை நேரில் வந்து சொன்னான். அய்யாவுக்குத் துக்கம் கேட்டுவிட்டு காபித்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே சொன்னான். இப்போது ராவுத்தரின் தம்பிதான் எல்லாம் பார்க்கிறாராம். நாலு பேர் கையெழுத்துப் போட்டு எடுத்த மாடி, ஒருத்தன் எம்.ஏ. படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவிட்டான், அதனால் அக்ரிமெண்டு முறிந்துபோச்சு, மிச்ச மூன்று பேரும் காலி பண்ணுங்கள் என்கிறாராம். மாடியை வெங்காய மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு யாரோ கேட்கிறார்களாம். பரீட்சை நடக்கிற நேரத்தில் இவர்கள் எங்கே போவார்கள். உன் இடத்துக்கு வர நல்லகாமன் என்று பரவைப் பையன் ஒருத்தன் தயாராக இருக்கிறான், ஆனால் உன் பேர் நீங்கினால்தானே அவன் பேர் ஏறும். காசிமாயன் நேரில் வந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறவரைக்கும் அவன் பெட்டி நகராது என்று உன் டிரங்குப் பெட்டியை அந்தத் தம்பி கீழ் ரூமில் வைத்துப் பூட்டியும்விட்டாராம். “அத்தை, காசிய நாங்க குத்தம் சொல்லல. ஆனா எங்க மூணு பேரையும் தெருவுல நிப்பாட்டிருவாரு போல” என்றான் வெள்ளைத்துரை. அவன் போன பிறகு எனக்கு அந்த ஓடிவிட்டான் என்கிற சொல்தான் உறுத்தியது. அய்யா மடை திறக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும் போட்டது போட்டபடி பஸ் ஏறினவன் நீ. அப்புறம் அந்த மாடிப்படி ஏற உனக்கு நேரம் எங்கே இருந்தது. சர்ட்டிபிகேட் அம்புட்டும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது.

உன் சங்கிலி மாமாவை அனுப்பினேன். போகும்போது “நீ கவலைய விடுக்கா, பொழுது சாயப் பெட்டி இங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான், சாய்ந்த பிறகு வெறுங்கையோடு வந்து முற்றத்தில் நின்று கத்தினான். ராவுத்தர் தம்பி அவனிடம் சொன்னது இதுதானாம். “எழுதி வாங்குனது எங்கண்ணன், அவர் மவுத்தாயிட்டாரு. பொறுப்புக் கையெழுத்துப் போட்டது உங்க மச்சான், அவரும் இல்ல. நான் யாரக் கேட்டுப் பெட்டியக் குடுக்குறது?” ராவுத்தரம்மாவையாவது பார்க்கிறேன் என்று இவன் கேட்டதற்கு, “மதினி இத்தாவுல இருக்கு. புருசன் போனா எங்கள்ல நாலு மாசம் பத்து நாளு வெளி ஆம்பள மூஞ்சி பாக்கக் கூடாது. ஆடி பொறந்து பாதி போகட்டும், அப்ப வாங்க” என்றாராம். ஆடிக்குள் உன் வேலை இருக்குமா. மாமா ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிப் போய்ப் பெட்டியைத் தூக்கி வருகிறேன் என்று குதித்தான். துக்க வீட்டுக்குக் கம்பு எடுத்துக்கிட்டுப் போவியாடா, உங்க மச்சான் இருந்தா உன்னைச் செருப்பால அடிப்பாரு என்று சத்தம் போட்டேன், அப்புறம்தான் உட்கார்ந்து சோறு தின்றான்.

மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நினைத்தேன். வெளி ஆம்பளைதானே பார்க்கக் கூடாது, நான் போனால் என்ன. அய்யா போனதிலிருந்து வயலைத் தவிர எங்கும் நான் போனதில்லை, வருசம் திரும்பாமல் டவுனுக்குப் போகலாமா என்று மாமா முகத்தைச் சுளித்தான். கல்யாண வீட்டுக்கா போறேன், எழவு வீட்டுக்குத்தானே போறேன் என்றேன். புதன்கிழமை காலையில் போனோம். அழகர் திருவிழாக் கூட்டம் இன்னும் ஓயவில்லை, பஸ் முழுக்க மொட்டைத் தலையும் சந்தன வாசமும், ஒரு காலில் நின்றுதான் போனேன். இந்த வருசம் நாம் சாமி பார்க்கக் கூடாது என்பதால் ஆற்றுப் பக்கம் நான் திரும்பவில்லை. மாமாவை தர்காவுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வாசலில் ராவுத்தர் தம்பி யாரென்று கேட்டார். மாடியில் இருந்த காசிமாயன் அம்மா, உங்க மதினிகிட்டத் துக்கம் கேட்டுட்டுப் போக வந்தேன் என்றேன். துக்கம் கேட்க வந்த பொம்பளையை எப்படி வேண்டாம் என்பார், வழி விட்டார்.

ராவுத்தரம்மா உள்ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் வெள்ளை, நானும் வெள்ளை. ஜைத்தூன் என்று பேராம், அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கையைப் பிடித்து அழுதோம், அதை எழுத வேண்டியதில்லை. பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நான் பெட்டி விசயத்தைச் சொன்னேன், மூன்று பையன்களையும் பரீட்சை நேரத்தில் காலி பண்ணச் சொல்வதையும் சொன்னேன். “பசங்க அவங்களாவே போறாங்கன்னுல்ல கொழுந்தன் எங்கிட்டச் சொன்னாரு. மேல நடக்குற சத்தம் கேக்கும்போதெல்லாம் மூட்ட கட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார்கள். அந்தப் பையன்களுக்கோ சங்கிலி மாமாவுக்கோ உள்ளே வந்து சொல்ல வழியில்லை, அதனால் இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. “இந்த வீடு எங்க அத்தா எனக்குச் சீதனமா எழுதி வச்ச வீடு. அவர் இருந்தவரைக்கும் அவர் பாத்துக்கிட்டாரு. கொழுந்தனுக்கு இதுல என்ன?” என்று எழுந்து அலமாரியைத் திறந்து அக்ரிமெண்டுக் காகிதத்தை எடுத்துவிட்டார்கள்.

கொழுந்தனும் அந்தம்மா முன்னால் வரக் கூடாதல்லவா, அதனால் கதவில் தொங்கின திரைக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி போட்டுக்கொண்டார், இந்தப் பக்கம் அந்தம்மா, நான் திரை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து காகிதத்தை அடியில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தேன். “மதினி, நல்லதுக்குத்தான் சொன்னேன், கிட்டங்கின்னா தொந்தரவு கெடையாது” என்றார் அவர். “வெங்காயத்துக்குக் கீழ நான் படுக்கணுமாக்கும். பரீட்சை எழுதுற பிள்ளைகள வெரட்டிட்டு அவருக்கு நான் எந்த மூஞ்சிய வச்சு பாத்திஹா ஓதுவேன்? எழுதுங்க தம்பி” என்றார்கள் அந்தம்மா. அப்புறம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. காசிமாயன் விலகிக்கொள்கிறான், அவன் இடத்தில் நல்லகாமன் வருகிறான், இனி காசிமாயனுக்கும் இந்த வீட்டுக்கும் பாத்தியம் இல்லை என்று எழுதினார். கையெழுத்து நல்ல கையெழுத்து. அவரும் கெட்டவர் இல்லை தம்பி, அண்ணன் போன பிறகு தன் பேச்சு எடுபட வேண்டும் என்று பார்த்திருக்கிறார். நடுவில் ஒரு இடத்தில், இன்னார் சம்சாரம் என்று போட வேண்டும், உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க என்று கேட்டார். என் வாயில் வரவில்லை, இத்தனை வருசமும் சொன்னதில்லை, நீங்களே காகிதத்தில் பாருங்கள் என்றேன். சரி மதினி, வீட்டுக்காரர்னு அண்ணன் முழுப் பேரும் போடணும், நீங்க சொல்லுங்க என்றார். அந்தம்மாவுக்கும் வரவில்லை. “ரெண்டு பேரும் நல்லா வந்து வாச்சீங்க” என்று அவரே காகிதத்தைப் பார்த்து இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உன் அய்யா போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை, எனக்கே ஒரு மாதிரி இருந்தது. உன் அய்யா நெளிநெளியாகப் போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழே நானும் என் பேரைப் போட்டேன். உனக்குச் சேர வேண்டிய முன்பணத்தை நல்லகாமன் கொடுத்துவிட்டான், அதில்தான் உனக்கு ரிஜிஸ்டர் தபால் போடப் போகிறோம்.

காகிதம் முடிந்து பெட்டியை எடுக்க வெள்ளைத்துரை வருகிறவரைக்கும் அந்தம்மா உன் அய்யாவைப் பற்றி ஒன்று சொன்னார்கள். பரவைச் சந்தையில் கத்தரிக்காய் போட்டுவிட்டு அவர் நேரே வீட்டுக்கு வருகிறதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தை நாள் தவறாமல் கோரிப்பாளையம் போய் வாசல் பெஞ்சில் ராவுத்தரோடு உட்கார்ந்திருப்பாராம். மேலே போய் மகனைப் பாருங்கள் என்று சொன்னால் மாட்டாராம். “வேணாம்மா, படிச்சுக்கிட்டு இருப்பான், என்னையப் பாத்தா எந்திரிச்சு நிப்பான், படிப்புக் கெட்டுப்போகும்” என்பாராம். மாடியில் லைட் எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாராம். இது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியாது. படிப்பை விட்டதற்காக நீ மனதை வருத்திக்கொள்ளாதே. அவர் ஆசைப்பட்டது நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான், வேலையில் நின்றாலும் நன்றாக இருக்கிறதுதான்.

பெட்டி வாசலுக்கு வந்ததும் நான் எழுந்து ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் போயிட்டு வாரேன் என்று நாம் சொல்வதில்லையே. டீக்கடை வரைக்கும் வந்துவிட்டேன், மாமா நாலாவது டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து, “வீட்டுல அழுகுறாங்க. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாகளே, எம் பேச்சுல ஏதும் மனசு நொந்துச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாக” என்றார். பெட்டியை மாமாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். எங்க வழக்கம் இது, கோவிச்சுக்கிட்டுப் போகலம்மா என்று விவரத்தைச் சொன்னேன். “எங்க வீட்டுல அதெல்லாம் பாக்குறதில்ல. வாரேன்னு சொல்லிட்டே போங்க. இன்னொரு தடவ எனக்காக வந்து உக்காருவீங்கள்ல” என்றார்கள். நிலைப்படியில் நின்று போயிட்டு வாரேன் என்று சொன்னேன். அவர்கள் வாங்க என்றார்கள். ஆடியில் இத்தா முடிகிறதற்குள் இன்னொரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

பெட்டிச் சாவி உன்னிடம் இருப்பதால் பூட்டை சங்கிலி மாமா உடைத்தான், அவனுக்கு அதில் ஒரு சந்தோசம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் பி.ஏ. சர்ட்டிபிகேட்டும் நனையாமல் இருக்கின்றன, நாளைக்குச் செல்லக்கிளி ரிஜிஸ்டரில் போடுகிறாள். இந்தக் கடிதத்தையும் அதோடு வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அசலைக் கம்பெனியில் விட்டுவிட்டு வராதே, காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள். அய்யாவின் துண்டு ஒன்று பெட்டி அடியில் கிடந்தது, துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ இருக்கிற செம்பூரில் மழை பிடித்தால் விடாது என்கிறார்கள், ஈர பனியனோடு படுக்காதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. வெள்ளைத்துரைக்கு ஒரு கார்டு போடு, உன் பெட்டியை அவன்தான் தலையில் தூக்கி பஸ் டாப்பில் ஏற்றினான்.

தம்பி, பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. பதினாறு முடிந்த மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாய். துக்க வீட்டிலிருந்து போகிறவன் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று வந்திருந்தவர்கள் சொன்னார்கள், நீ சொல்லவில்லை, நானும் அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். செருப்புச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டது. அதற்குப் பிறகு நீ போட்ட மூன்று கடிதத்திலும் ஊருக்கு வருகிற பேச்சு இல்லை. லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், போயிட்டு வாய்யா.

சோணைச்சாமியும் உன் அய்யாவும் உனக்குத் துணையாக இருந்து கை கால் சுகத்தோடு நீ நூறு வருசம் இருக்க வேண்டும். ரிஜிஸ்டர் வந்ததும் மறக்காமல் பதில் போடு. கடைசி வரியில் வாரேன் என்று எழுது. என்றைக்கு என்று எழுத வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
முத்துத்தாய்