கழுத்தை இறுக்கிய கார் பெல்ட்

செவ்வாய்க்கிழமை இரவு, வேலணை.

கதவைச் சாத்தினால் தானாக ஓடிவந்து ஆளை அணைக்கும் மோட்டார் பெல்ட், இந்தத் தீவுகளிலேயே என் காரில் மட்டும்தான் இருக்கிறது. இன்று பண்ணைப் பாலத்தில் அது என் கழுத்தோடு இறுகிவிட்டது. கழற்றும் பொத்தானை அமத்த அமத்த மோட்டார் இன்னும் இழுத்தது. கார் கடல் பக்கம் சாய்ந்தது. வேறு யாராவது என்றால் கதை முடிந்திருக்கும். நான் பிரேக்கை மிதித்தேன். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் விட்டது.

வீட்டில், "பெல்ட் கொஞ்சம் இறுகினது, ஒரு தட்டுத் தட்டினன், சரி" என்றேன். தங்கச்சி நம்பிவிட்டாள்.

"அப்ப விடியப் பிள்ளையை நீங்களே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ அண்ணை."

அவள் மகள் நிறைமாதக்காரி. ஓம் என்றேன். ஒளித்து நின்று ஓட்டோக்காரனுக்கு அழைத்தேன்.

"உங்கட ஜப்பான் ராசாத்திக்கு என்னண்ணை?"

"பற்றரி செத்துப்போச்சு. நீர் விடிய வாரும்."

சிரித்தான். நாளைக்கு ஊரே சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க, வீம்புக்கு நானே மருமகளை அந்தக் காரில் ஏற்றிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. அதனால் பற்றரி வயரை வெட்டிவிட்டு வந்தேன்.