பின்சீட்டுக்கு ஒரு ஹெல்மெட்

பென்னலூர்
15.9.1991

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ரத்னா எழுதுவது. நானும் அத்தையும் நல்லபடியாக இருக்கிறோம். அரபு நாட்டுச் சண்டை ஓய்ந்து தம்மாமில் வண்டி ஓட்டும் வேலை பழையபடி நடக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியபிறகுதான் அத்தை முகத்தில் களை வந்தது. நம் பக்கம் மே மாதம் அந்தத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து ரோடெல்லாம் போலீஸ். பஸ்ஸைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் விடுகிறார்கள்.

உங்கள் தங்கை கலை ஏன் எழுதுவதில்லை, கேட்ட வாட்ச் அனுப்பாததற்குக் கோபமா என்று கேட்டிருந்தீர்கள். கோபம் இல்லை மாமா. தூர தேசத்தில் இருக்கிற பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம் என்று அத்தை சொன்னதால் இத்தனை நாள் நானும் எழுதவில்லை. இனியும் மறைத்தால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். உட்கார்ந்து படியுங்கள். கலை உயிரோடு இருக்கிறாள், எழுந்து நடக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஆடி மாதம் பிள்ளைப்பாக்கத்தில் கூழ் ஊற்றினார்கள். கலை போகவேண்டும் என்றாள். என் தம்பி டில்லிபாபு தன் வண்டியில் கூட்டிப்போனான். கலை எப்போதும்போல ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில், புதிதாகக் கம்பெனி கட்டுகிற இடத்துக்கு மண் கொண்டுபோன லாரி ரோட்டில் சிந்திவிட்டுப் போயிருந்தது. அதில் வண்டி சறுக்கிவிட்டது. வேகமில்லை என்று பின்னால் சைக்கிளில் வந்தவரே சொன்னார். கலை மல்லாந்து விழுந்து பின்மண்டை தரையில் பட்டது.

டில்லி ஹெல்மெட் போட்டிருந்தான். எங்கள் ஹெல்மெட் கம்பெனியில் நானே விலைக்கு வாங்கிக் கொடுத்தது. அவனுக்கு முட்டியில் சிராய்ப்புதான். அவனுக்கு வாங்கிக் கொடுத்தபோது பின்னால் உட்காருகிறவளைப் பற்றி எனக்கு மட்டுமல்ல, அதை விற்கிற கம்பெனியில் ஒருவருக்குமே நினைப்பு வந்ததில்லை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பின்னால் அடிபட்டால் மூளை குலுங்கி முன்பக்கமும் மோதுமாம், டாக்டர் சொன்னார். இப்போது சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், தலையை ஆட்டிப் பதில் சொல்கிறாள். வார்த்தைதான் சட்டென்று வருவதில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பேரைத் தேடுகிறாள். பேனா பிடிக்க இன்னும் வரவில்லை.

நான் பழையபடி தையல் செக்‌ஷனுக்குப் போகிறேன். ஹெல்மெட்டுக்கு உள்துணி தைக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. ஒருநாள் டிசைன் பார்க்கிற பலராமன் சாரிடம் நேரே போய்க் கேட்டேன். "சார், பொம்பளைங்க கொண்டை போட்டுக்கினு எப்பிடி இத மாட்றது? பின்னால ஒரு ஓட்டை வுட்டா எல்லாரும் போடுவாங்களே." அவர் சிரிக்கவில்லை. செய்து பார்க்கலாம் என்றார்.

டில்லியின் மேல் கோபப்படாதீர்கள். மருந்தும் வைத்தியமும் குறைவில்லாமல் நடக்கிறது. நீங்கள் பதறி வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
ரத்னா


பென்னலூர்
24.11.1991

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

டில்லியை இனி நம் வாசலில் பார்க்கக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அதை அத்தைக்கு வாசிக்கவில்லை, அவனிடம் மட்டும் சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் உள்ளே வருவதில்லை. கலையை டாக்டரிடம் காட்டவேண்டிய நாளில் தெருமுனையிலேயே மழையில் நின்று, நாங்கள் போனதும் பின்னாலேயே வந்து பஸ் ஏறுகிறான். கூட்டத்தில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு எட்டிப் போய் நின்றுகொள்கிறான். போன வாரம் கலை அவனைக் கவனித்துவிட்டாள். பேர் வரவில்லை. கையை நீட்டி, "ஏ... ஹெல்மெட்டு, இங்க வா" என்றாள். பஸ்ஸே சிரித்தது, அவளும் சிரித்தாள். அவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உங்கள் பேச்சை மீறி அவனை வீட்டுக்குள் அழைக்கமாட்டேன். ஆனால் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஓட்டை வைத்த ஹெல்மெட் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். பலராமன் சார் அதைப் பரீட்சை பார்க்கும்போது என்னையும் கூப்பிட்டார். இரும்பில் செய்த தலை ஒன்று இருக்கிறது. அதற்கு ஹெல்மெட்டை மாட்டி, உயரத்திலிருந்து இரும்புக் கட்டைமேல் விழவிடுவார்கள். தலைக்குள் எவ்வளவு அடி இறங்கியது என்று மீட்டர் காட்டும். பின்பக்கமாக விழவிட்டபோது முள் எகிறிவிட்டது. சார் மெதுவாகச் சொன்னார். "ஒரு பக்கமா உக்காந்து போறவங்க பெரும்பாலும் மல்லாந்துதாம்மா விழறாங்க. நீ ஓட்டை கேட்ட எடந்தான் முதல்ல தரையில படும்."

மாமா, கலைக்கு அடிபட்டதும் அதே இடம்தானே. பெண்கள் போட்டுக்கொண்டால் போதும் என்று மட்டும்தான் நான் யோசித்திருந்தேன்.

அவர் விட்டுவிடவில்லை. ஓட்டையை மூடி, பின்பக்கத்தைக் கழுத்துவரை இறக்கி, அங்கே உள்ளே இருக்கிற தெர்மாகோலைக் கனமாக்கினார். பின்னல் தொங்க மட்டும் கீழே வழி விட்டார். கொண்டையை அவிழ்த்துத்தான் ஆகவேண்டும். தையல் செக்‌ஷனில் எல்லாரும், "பூ நசுங்கிப் பூடுமே, யார் போடுவா?" என்றார்கள். முதலாளியும் அதையேதான் சொன்னாராம். அதற்குமேல் அளவு வேறு பிரச்சினை. அதுவரை எல்லாமே ஆண்கள் தலைக்குச் செய்தது. அளவெடுக்கத் தலை கொடுக்க எங்களில் ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. எனக்கும்தான், டேப்பைக் கொண்டு ஓர் ஆண் என் தலையைத் தொடுவதென்றால் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கு அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்ததால், கலையைத் தனியாக விட மனமில்லாமல் கம்பெனிக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஆபரேஷனுக்கு மழித்த முடி இப்போதுதான் விரல் நீளம் வளர்ந்திருக்கிறது. அதனால் எப்போதும் துண்டு கட்டிக்கொண்டுதான் இருப்பாள், என் எதிரில்கூட அவிழ்க்கமாட்டாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். அத்தனை பேர் எதிரில் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தையல் போட்ட தழும்பு எல்லாருக்கும் தெரிந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சார் டேப்பை என்னிடம் கொடுத்து, எங்கெங்கே அளக்கவேண்டும் என்று தள்ளி நின்று சொன்னார். நான் அளந்தேன். பிறகு ஹெல்மெட்டை மெல்ல அவள் தலையில் வைத்தேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காதாண்ட குத்துது அண்ணி. பின்னால லூசா கீது" என்றாள். அடிபட்ட பிறகு அவள் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்த முதல் பேச்சு அது. சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அவள் சொன்னபடி சின்னதாக்கி, எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் திரும்பவும் விழவிட்டார்கள். இந்த முறை முள் அடங்கியே இருந்தது. விழவிட்ட ஹெல்மெட்டைக் கலை வாங்கி உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். தெர்மாகோல் பள்ளமாக அமுங்கியிருந்தது. ஒடைஞ்சு போச்சா என்று கேட்டாள். அது நசுங்கி அடியை வாங்கிக்கொண்டதால்தான் தலைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இதை இனி யாரும் போடக்கூடாது என்றார் சார். அவள் அதைக் கீழே வைக்க வெகுநேரம் ஆயிற்று.

முதலாளி கொஞ்சம் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அரசாங்கத் தர முத்திரைக்கு அனுப்பவேண்டும், அது கிடைக்குமோ கிடைக்காதோ. கிடைத்தாலும் வாங்குவார்களோ தெரியாது. தையல் செக்‌ஷன் கிளியம்மாள் மட்டும் தன் வீட்டுக்காரர் வண்டிக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தை இப்போதே நாள் எண்ணுகிறார். வருவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கலையை உட்காரவைத்து, "நான் யாரு சொல்லு" என்று கேட்கிறார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். அவளுக்கு ஆள் தெரிகிறது மாமா, உறவும் தெரிகிறது. பேர்தான் நாக்கில் வந்து நின்றுவிடுகிறது. அப்போது அவள் தலையைக் குனிந்துகொள்வதை என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள். உங்களைப் பார்த்ததும் "அண்ணா" என்று ஓடிவரவில்லையே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், அழாதீர்கள். அழுகை வந்தால் கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வாருங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், சோறு போடச் சொல்லிச் சாப்பிடுங்கள். அவள் கூப்பிடுவாள். அன்றைக்கோ மறுநாளோ, கட்டாயம் கூப்பிடுவாள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்
ரத்னா