கோ சுவீ காப்பி குடிக்க வருகிறான்

சுங்கை லெம்பா, பேராக்
1946 மார்ச்

அன்புத் தம்பி பூன் தியோங்குக்கு அக்கா குவி எங் எழுதுவது.

அம்மா நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் உனக்கு வேலை நிலைத்துவிட்டதென்று லாரிக்கார ஹோக் சொன்னான். தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இதை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

ஜப்பான்காரன் போனால் சோறு வருமென்று இருந்தோம். வெள்ளைக்காரப் பட்டாளம் ஆளத் தொடங்கி ஆறு மாதமாகியும் மரவள்ளிக்கிழங்குதான். கடையில் காப்பித்தூளோடு வறுத்த சோளத்தைக் கலந்து ஓட்டுகிறேன்.

உன் அத்தான் செங் ஹோ, அரிசி கேட்டுத் திடலில் கூடிய கூட்டத்தில் பேசினார். அரிசியைத் தவிர எதுவும் பேசவில்லை. மறுநாள் வகுப்பறையிலிருந்தே பிடித்துப் போனார்கள். சீனாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்களாம். இந்த ஊரில் பிறந்தவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

பிடிக்க வந்தவன் கோ சுவீ. ஜப்பான்காரனுக்கு நம் தெருவில் ஆள் காட்டினானே, அவன்தான். ஜப்பான்காரனோடு சண்டையிட்ட நீங்களெல்லாம் காட்டிலிருந்து இறங்கியபோது ஓடி ஒளிந்தவன், இன்று பட்டாளத்துக்குத் துப்பறியும் ஆள். புதுக் காக்கிச் சட்டை. தினமும் கடைக்கு வருகிறான். "என்னக்கா, காப்பி தண்ணியா இருக்கு. வாத்தியாரு இல்லாம கை ஓடலியா?" என்று சிரிக்கிறான்.

போன வாரம் குரலைத் தாழ்த்தினான். "தம்பி எல்லாத் துப்பாக்கியையும் ஒப்படைச்சானான்னு தொரை கேக்குறாரு. ஒரு தடவ வந்து சொல்லிட்டுப் போகட்டும். வந்தான்னா வாத்தியாரு கப்பலேற வேணாம்."

நீ சீனாவுக்கே போய்விட்டதாக அவனிடம் சொன்னேன்.

"அப்படியா? அப்ப வாத்தியாரு அங்க போயி அவனப் பாத்துக்கட்டும்" என்று சொல்லி, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "வரச் சொல்லேன்டி, கேட்டுட்டு விட்டுருவாங்க" என்கிறாள். அப்படிக் கேட்க அழைத்துப்போன மரஆலைக்காரர் மகன் திரும்பவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று சிறையில் அத்தானைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். கோ சுவீ அவரிடமும் இந்தப் பேரத்தைப் பேசியிருக்கிறான். ஆனாலும் உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

சிங் மிங் திருநாளுக்கு அப்பா கல்லறையை நானே சுத்தம் செய்துகொள்வேன். நீ வராதே. கப்பல் என்றைக்கென்று இன்னும் சொல்லவில்லை. அது நெருங்கும்போது நான் எப்படி இருப்பேனென்று எனக்கே தெரியவில்லை. அதனால் மனம் திடமாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இனி நானே வா என்று எழுதினாலும் நீ வராதே, தம்பி.

நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அக்கா
குவி எங்