நகராத புள்ளியில் ஒன்பதாயிரம் அடி

10 ஜனவரி 2026, சனி. மாலை 6:42. மலரின் அடிகள்: 9,214.

நிச்சயதார்த்தத்துக்கு நான் வாங்கிக்கொடுத்த வாட்ச். அவள் அடிகள், துடிப்பு, இருக்குமிடம் எல்லாம் என் போனுக்கு வரும்படி நானே அமைத்தேன். அவளும் சரி என்றாள். இப்போது துடிப்பு 138. ஆனால் இரண்டு மணி நேரமாகக் கிள்ளானில் ஒரே புள்ளி. நகராமல் எப்படி இத்தனை அடி?

போன் போட்டேன். "அக்கா வீட்ல இருக்கேன்" என்றாள், மூச்சு வாங்க.

அவள் அக்கா வீடு பந்திங்கில். அது வேறு ஊர்.

12 ஜனவரி

போர்ட் கிள்ளான் கிரேன் பட்டறையில் எங்கள் நடைப் போட்டிப் பட்டியல். மறுபடியும் என்னோடு வேலை செய்யும் குகன் முதலிடம். சனிக்கிழமை மட்டும் 21,000.

"எப்படிடா?"

"சனிக்கிழமை கொஞ்சம் ஆட்டம் லா, பாஸ்." கண்ணடிக்கிறான்.

மணிவாரியாகப் பார்த்தேன். ஐந்திலிருந்து ஏழு. அதே நேரம்!

13 ஜனவரி

இரண்டு பேர் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேர்ந்து ஏறுகின்றன. சேர்ந்து இறங்குகின்றன. என்னடா நடக்குது இங்க?

17 ஜனவரி, சனி

கிள்ளானில் அந்தப் புள்ளிக்கே போனேன். லோரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. மேளச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அப்போதும் மண்டையில் ஏறவில்லை. உள்ளே பாய்ந்து, "எங்கடா அவ?" என்று கத்தினேன்.

மேளம் நின்றது. நடுவில் மலர், இடுப்பில் உறுமி, கையில் குச்சி. தைப்பூசக் காவடிக்கு ஒத்திகை. குழுத் தலைவன் குகன். கை அடித்த அடியை எல்லாம் வாட்ச் கால் அடியாக எண்ணியிருக்கிறது.

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மொதக் கேள்வி என்ன கேப்பீங்க? எத்தனை ஆம்பளைங்கன்னுதானே?"

பதினொரு பேர். நுழைந்ததுமே எண்ணிவிட்டேன்.

வாட்சைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இந்தாங்க. நீங்களே கட்டிக்குங்க."

நான் வாசலைத் தாண்டுவதற்குள் மேளம் மறுபடி தொடங்கிவிட்டது.

18 ஜனவரி

கிரேனில் சென்சார் தப்பாகக் காட்டினால் மேலே ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அதுதான் என் வேலை. அவளிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை?

24 ஜனவரி, சனி. மாலை 6:42. அடிகள்: 0.

வாட்ச் என் மேசையில்தான் கிடக்கிறது. தெரிந்தும் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு வரட்டுமா என்று அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "வாங்க. பின்னாடி நில்லுங்க."

இனி:

1. போனிலிருந்து அவள் கணக்கை அழிப்பது. இன்றே.
2. திங்கட்கிழமை குகனிடம் மன்னிப்பு. பட்டறையில், எல்லோர் முன்னாலும்.
3. பத்து மலை முருகன் கோயிலில் பின்னாடி நிற்பது.
4. குகன் அவளுக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறான் என்று பார்க்காமல் இருப்பது. பார்ப்பேன். பார்த்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பது.