உங்கள் விறைப்பான கார்

இன்று காலை ஓமலூர் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. நிறுத்திப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் கத்தியால் கீறியதுபோல ஒரு கிழிசல். நீங்கள் போன பிறகு இது மூன்றாவது டயர். சூடான ரப்பர் வாடையில் சாலையோரம் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்து பார்த்த பஞ்சர் கடைக்காரர் வேறு, "ஏனுங்க அக்கா, நம்ம ரோட்டுக்கு இத்தன ஒல்லி டயர் வெச்ச காரு ஆகுமுங்களா? ஆரு வாங்குனது?" என்றார்.

"எங்கூட்டுக்காரரு" என்றேன். வேறென்ன சொல்ல?

இருபது வருஷம் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டி, அப்புறம் சொந்தமாக ரிக் வண்டி போட்டு நிமிர்ந்த பிறகு, நல்ல செடான் கார் ஒன்று வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். கடைசியில் இரண்டு கார்கள் தேறின. முதல் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தபோது வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முதுகில் ஜவ்வு விலகி நான் தூக்கமில்லாமல் கிடந்த வருஷம் அது. நாமக்கல்லிலிருந்து சேலம் வருவதற்குள் குறட்டை விட்டேன் என்று நீங்கள்தான் கேலி செய்தீர்கள்.

இரண்டாவது கார் தரையோடு தரையாக இருந்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் என் இடுப்பில் வந்து சேர்ந்தது. சேலத்துக்கு வெளியே கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அதை மலையில் ஏற்றினீர்கள். பாதி மலையில் நிறுத்தச் சொல்லி நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடியே, "திருப்புன பக்கம் அப்படியே போவுது பாத்தியா அம்மிணி!" என்றீர்கள்.

ஷோரூம்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்: "குடும்பமா போறதுக்குன்னா அதுங்க சார். ஆசைக்கு நீங்களே ஓட்டறதுன்னா இதுங்க."

"நானேதான் ஓட்டுவேன்."

"பின்னால உக்கார்றது ஆருங்க?" என்று நான் கேட்டேன். நீங்கள் அந்த இரண்டாவது காருக்கே அட்வான்ஸ் கட்டினீர்கள்.

நான்கு வருஷம் சண்டை போட்டோம். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போனேன். பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குச் சேலம் போகவேண்டியிருந்தது. டிரைவர் ஓட்ட, இப்போது பின்சீட்டில் நீங்கள். பள்ளம் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்தீர்கள். ஒருநாள் பொறுக்காமல், "இப்பவாச்சும் சொல்லுங்க, அந்தக் காரையே வாங்கியிருக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டேன். அது என் தப்பு.

டிரைவர் வண்டியை உதறி உதறி ஓட்டுகிறான் என்று அவனையும் அனுப்பிவிட்டீர்கள். வேறு வழியில்லாமல் ஐம்பத்திரண்டு வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன். ஓட்டுகிற சீட்டில் என் முதுகு அவ்வளவாக வலிக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்துவிடுவீர்களே!

ஆஸ்பத்திரிக்குப் போகாத ஒரு நாள், மத்தியானம், என்னை வெளியே ஓட்டச் சொன்னீர்கள். சேலம் வந்ததும், "மலை ரோட்டுல வுடு" என்றீர்கள்.

"ஒடம்பு தாங்காதுங்க."

"வுடு சாமி."

ஏற்றினேன். "வளைவுக்கு முன்னாலயே பிரேக்கப் புடி. இப்ப வுடு. இப்பத் திருப்பு." வண்டி என் கை நினைத்த இடத்தில் போய் நின்றது. அடுத்த வளைவில் நானே சிரித்துவிட்டேன். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "ரிக் லாரில ஒவ்வொரு மலை எறங்கறப்பவும் உசுரக் கையில புடிச்சுட்டுத்தான் எறங்குவேன். பாரம் இழுத்த பக்கமெல்லாம் நான் போனேன். எம்பேச்சக் கேக்கற வண்டி ஒண்ணு ஓட்டோணும்னு இருந்துச்சு அம்மிணி." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா உன்னப் பின்னால உக்கார வெச்சது தப்புத்தான்" என்றீர்கள்.

அதைக் கேட்கத்தான் நான்கு வருஷம் மல்லுக்கட்டினேன். கேட்டதும், எதிரே யாருமே வராத ரோட்டில் ஹாரன் அடித்தேன்.

ஏனுங்க, இதை ஷோரூமிலேயே சொல்லியிருந்தால் என்ன? அப்போதும் சண்டை போட்டிருப்பேன். ஆனால் எதற்காகச் சண்டை போடுகிறேன் என்று தெரிந்திருக்குமே. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

போன மாதம் நம் மகன் என்னை அந்த மெத்தென்ற காரை ஓட்டிப் பார்க்கக் கூட்டிப்போனான். நல்ல கார்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைக்கு எதுவும் தெரியவில்லை, ரோட்டில் போகிறோமா என்றே சந்தேகம் வந்தது. வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம். "இந்தக் காருக்குத்தானம்மா அப்பாகிட்ட அத்தன வருசம் சண்ட போட்ட?"

"உங்கப்பன் மேல இருக்கற கோவம் இன்னும் தீரல சாமி. அவரு வண்டில போனாத்தான் வாய்விட்டுத் திட்ட முடியுது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நம் காரின் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். வீடு வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் "அம்மா!" என்று கத்தினான்.

எனக்கு மிச்சம் இந்தக் கோபம்தான். என்றைக்காவது இதுவும் தீர்ந்துபோய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் ஓட்டுகிறேன்.