வலைக்கு இந்தப் பக்கம்

கம்பெனியில் தரையின் மஞ்சள் கோடுகளுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஆடிட் வருகிறதாம். காலையிலிருந்து அந்த வாசனை என்னை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. கை பாட்டுக்கு ஸ்க்ரூ முடுக்குகிறது, மனசு உங்கள் ஊர் மேட்டுத்தெருவில் கிடக்கிறது. நேற்று அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். சாதாரணக் காய்ச்சல்தான் என்று லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனவள் அப்படியே கண்ணை மூடிவிட்டாய். நல்லா கீதுடி உன் நியாயம்.

நீ சேர்ந்த புதிதில் இந்தக் கோட்டைத் தாண்டி நின்றதற்குத்தான் சூப்பர்வைசர் கத்தினார். "உள்ள நில்லும்மா, வண்டி வந்துகினே கீது, கண்ணு தெரியல?" வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். நீயோ கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஏட்டி, இப்படி ஒரு கோடு எங்க மேட்டுல போட்டா என்ன?" என்று கேட்டாய்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே பக்கத்து வடக்குப்பட்டில் பிறந்த எனக்கு ஏரிதான் கடல். நீதான் சொன்னாய்: செம்மண் மேடு, அதன் விளிம்பில் வரிசையாக வீடுகள், கீழே கடல் அடிமண்ணைத் தோண்டத் தோண்ட மேலே சரிந்து விழும். தென்னை போனது, கோழிக்கூடு போனது, உன் சித்தப்பா வீட்டுக் கக்கூஸ் போனது. "வெடிப்பு விட்ட மண்ணு விழாம இருக்காது. எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அது மேலயே பாய விரிச்சுப் படுக்காவ." அதைச் சொல்லும்போது உனக்குச் சோறு இறங்கவில்லை.

படப்பையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் உங்கள் ஊருக்கு பஸ் ஏறினோமே. வெடிப்புக்குப் பின்னால் தள்ளிக் கல் நட்டு, தலையில் மஞ்சள் பூசி, பெரிய இன்ஜினியர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாய். மறுநாள் விடிந்தால் ஒரு கல்லைக் காணோம். எல்லாம் கடலுக்குள். "கல்லு நட்டா நெலத்த எடுக்கப் போறாவன்னு அர்த்தம். எங்களுக்குத் தெரியாதா?" என்று உன் சித்தப்பா குதித்தார். உன் முகம் செத்துப்போனது. எனக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் கம்பெனிக்கு நிலம் எடுக்க எங்கள் கழனியில் கல் நட்டபோது என் அப்பாவும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி ஏரியில்தான் வீசினார். அப்படியும் நிலம் போனது. நம் கேன்டீன் இருக்கிற இடத்தில்தான் நாங்கள் வேர்க்கடலை போட்டோம். அதைச் சொன்னதும் நீயும் சிரித்தாய்.

கல் வேண்டாம் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். கிழிந்த மீன்வலை ஒன்றை இழுத்துவந்து, கல் நட்ட அதே வரிசையில் கம்புக்குக் கம்பு கட்டினாய். "வீட்ட யாரும் விடாண்டாம். அங்க பொங்குங்க, மீன் காயப்போடுங்க, சண்டை போடுங்க. கடல் சீறுத ஆனி ஆடியில மட்டும் ராத்திரி வலைக்கு அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. கோயில் ஹால்ல நைட் ஷிஃப்ட்." ஷிஃப்ட் என்றதும் தெருவே சிரித்தது. ஆனால் வலையை யாரும் பிடுங்கவில்லை. நிலம் எடுக்க வலையோடு வந்த ஆபீசர் உலகத்தில் கிடையாதே! பொழுது சாய்ந்தால் பெண்கள் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, "ஷிஃப்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்ப ஆரம்பித்தார்கள். புது வெடிப்பு கண்டால் அவர்களே வலையைத் தள்ளிக் கட்டினார்கள்.

உன் அம்மா ஒருத்திதான் அசையவில்லை. நீ போனில் கூப்பிட்டால்தான் போவாள். அதற்காகத் தினம் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நீ போட்ட சத்தம் இருக்கிறதே! "எம்மா, பாயைச் சுருட்டிட்டியா, இல்லியா?" டிரைவர்கூட, "சுருட்டிட்டாங்களாம்மா?" என்று கேட்பார்.

நீ போன பிறகு அந்த போன் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். இரண்டாம் நாள், "எம் மவளே இல்ல, நீ யாருட்டி என்னய வெரட்ட?" என்றாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "உங்க பொண்ணு என் தலைல கட்டிட்டுப் போய்ட்டா, நான் இன்னா பண்றது?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து ஒரு சாயங்காலமும் விட்டதில்லை. நேற்று விட்டுப்போனது. திடீரென்று ஓ.டி. போட்டுவிட்டார்கள், போன் லாக்கரில். கேன்டீன் டிவியில் தென்கடல் கொந்தளிப்பு என்று ஓடுகிறது. ஒரு நிமிஷம் விடுங்க சார் என்று கெஞ்சினேன், லைன் நிற்கக் கூடாதாம். உன் அம்மா அந்த வெடிப்பின் மேல் உட்கார்ந்து என் போனுக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்து முடுக்கிய ஸ்க்ரூவையே திரும்பத் திரும்ப முடுக்கினேன்.

ஓ.டி. முடிந்து லாக்கரைத் திறந்தால் அவளிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? ஒன்னக் காணலியேன்னு நானே ஷிஃப்டுக்கு வந்துட்டேன். இப்பந்தான் பெரிய சத்தம். வீடு போயிட்டு, பாத்துக்க. மொத்தமும் போயிட்டு. நீ சாப்ட்டியா?"

லாக்கர் ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன்னையும் சேர்த்துத் திட்டினேன். இதைக் கேட்க நீ அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இப்போது அவள் கோயில் ஹாலில்தான் இருக்கிறாள். வலைக்கு அந்தப் பக்கம் போக வீடு இல்லை, அப்புறம் என்னத்துக்கு போன் என்று கேட்பார்கள், கேட்கட்டும். இன்றைக்கும் ஓ.டி. என்று சற்றுமுன் சூப்பர்வைசர் வந்து நின்றார். முடியாது சார், அம்மாவுக்கு போன் பண்ணணும் என்றேன்.

"உங்கம்மா இதோ வடக்குப்பட்டுலதான கீறாங்க? வூட்டுக்குப் போய்ப் பேசிக்கயேன்."

"அவங்க ஒரு அம்மா சார், இது இன்னொரு அம்மா," என்றேன்.