நீ அனுப்பிய எண்கள்

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்து, உனக்குச் சர்க்கரை பார்க்க நான் வாங்கித் தந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். "நீ வாங்கிக் குடுத்ததாச்சேம்மா, உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். உள்ளே வரச் சொன்னேன். "இன்னொரு நாளு வரேன்" என்று வாசலிலேயே திரும்பிவிட்டார்.

உறையைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடையும் நீ போட்டுக்கொள்ளும் பவுடர் வாடையும் சேர்ந்து வந்தன. நீ போய் எட்டு மாதமாகியும் அது போகவில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் பொத்தானை அழுத்தினேன். செய்தது. பழைய அளவுகளைத் தேதியோடு வைத்திருந்தது. நீ தினமும் காலையில் எனக்கு அனுப்பிய எண்கள் என் போனில் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செய்திருக்க வேண்டாம். ஆனால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பாதவள் நான், உனக்குத் தெரியும்.

முதல் எட்டு மாதத்துக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. நீ 128 என்று அனுப்பிய அன்று மெஷினில் 214. நீ 119 என்ற அன்று 240. கோபம் வரவில்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. பொய்யிலும் ஒரு நிதானம் வைத்திருந்தாய். ஒரு நாளும் நூறுக்குக் கீழே போனதில்லை. பிறகு மூன்று மாதம் மெஷினிலும் ஒன்றுமில்லை, போனிலும் ஒன்றுமில்லை. அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடைசி நாள் வரை ஒரு எண்கூடப் பிசகவில்லை. 231 என்றால் 231. 142 என்றால் 142.

அது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நம் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அதுவரை போய்ச் சேர்வேனா என்று பார்ப்போம்.

முதலியார்பேட்டையில் நம் அப்பாக்கள் ஒரே மில்லில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். சம்பள நாளன்று சாயங்காலம் தெருவே நெய் மணக்கும். எல்லா அப்பாக்களும் கையில் எண்ணெய் ஊறிய ஒரு பொட்டலத்தோடு வருவார்கள். எங்கள் வீட்டில் நான் ஒருத்தி. எனக்கு ஒரு முழுப் பாதுஷா கிடைக்கும், நாள் முழுக்கச் சுரண்டிச் சுரண்டித் தின்பேன். உங்கள் வீட்டில் ஐந்து பேர். உன் பங்கைக் கையில் வாங்கியதும் கதவுக்குப் பின்னால் போய் நின்று ஒரே வாயில் போட்டுக்கொள்வாய். மெதுவாகத் தின்றால் போச்சு, தம்பிகள் பிடுங்கிவிடுவார்கள். மில் மூடிய பிறகு அந்தப் பொட்டலமும் நின்றது. நான் பல்கலைக்கழகம் வரை போய், கல்லூரியில் விலங்கியல் நடத்தும் டீச்சரானேன். நீ சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்து, அந்த செக்ஷனுக்கே சூப்பர்வைசரானாய். ரெட்டியார்பாளையத்தில் இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டோம். நாற்பது வருஷம் கழித்தும் நீ பாதுஷாவை நின்றுகொண்டேதான் தின்றாய், பிரிட்ஜ் கதவுக்குப் பின்னால்.

உனக்கு வெகுநாளாக இருந்த சர்க்கரை கட்டுமீறிவிட்டது என்று தெரிந்தபோது நான் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மெஷின் வாங்கித் தந்தேன், அது சரி. தினமும் காலையில் எண்ணை அனுப்பு என்றேன். உன் பிரிட்ஜில் ஒரு அட்டவணை ஒட்டினேன். உன் வீட்டுக்காரரிடம் சொல்லி ஜீனி டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்ற வைத்தேன். "சரிங்க புரபசரம்மா" என்று தலையாட்டினாய். நீ கேட்டுக்கொள்கிறாய் என்று நம்பினேன். பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. சொன்னது புரிந்துவிட்டால் போதும், நடந்துவிடும் என்று நினைப்பது.

அப்புறம் விழுப்புரம் ரோட்டில் நீ வழக்கமாக வாங்கும் ஸ்வீட் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம், "அவங்களுக்குச் சுகர் இருக்கு, கேட்டாங்கன்னா குடுக்காதீங்க," என்றேன். நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னேன்.

உன் நாத்தனார் வருகிறாள் என்று அரைக் கிலோ வாங்க நீ போன அன்று கடையில் கூட்டம். கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு காலேஜ் மேடம் சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா. உடம்பப் பாத்துக்கங்க," என்றாராம். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்களாம். நீ அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டி, நான் என்னா உன் காலேஜு எலியா? கூண்டுல போட்டுப் பாக்குறியா?"

"உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

"என் நல்லத கடக்காரங்கிட்டயாடி போய்ச் சொல்லுவ? எங்கிட்ட சொல்ல வாயில்லையா உனக்கு? ஊரே என்னத் திங்குறவன்னு பாக்குது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பேசவில்லை. நீ மெஷினைத் தொடவும் இல்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீதான் வந்தாய். மணி அடித்திருக்கிறாய், எனக்குக் கேட்கவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்ததால் உள்ளே வந்து அடுப்பை அணைத்தாய். பால் பொங்கி, வழிந்து, மேடையெல்லாம் தீய்ந்துகொண்டிருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்று போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரோ தெரியாது, யாரோ ஒரு ஆள் அழுக்குக் கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தான். அது எத்தனையாவது கம்பளம் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

"பால் வழியுது. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"இப்பத்தான்டி போனை எடுத்தேன்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சிரிக்க ஆரம்பித்தாய். "நானும் இதேதான்டி சொல்லுவேன், இப்பத்தான் ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்னு. அதே மூஞ்சி. அச்சு அசல்."

மேடையைத் துடைத்துவிட்டு என்னைத் தாவரவியல் பூங்காவுக்கு இழுத்துப் போனாய். வழியில் வேறொரு கடையில் ஒரே ஒரு பாதுஷா வாங்கிக்கொண்டாய். பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாய்: "அது என்னாமோ சொல்லுவியே, டோபமினா? அட்டவணை போடாம, திட்டாம சொல்லு பாப்போம்."

சொன்னேன். மூளையில் சுரக்கும் அந்த ரசாயனத்தைத்தான் இன்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது அவ்வளவு சரியில்லை. 'அதோ இருக்கு, போ, எடு' என்று நம்மைத் தள்ளிவிடுவதில்தான் அதற்குப் பெரிய பங்கு. எடுத்ததை அனுபவிப்பது பெரும்பாலும் வேறு ஏற்பாடு. அதனால் பிடிக்காத ஒன்றைக்கூட விடாமல் தேடிக்கொண்டே இருக்க முடியும் என்றேன். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நீ எழுதிக்கொள்ளவில்லை, யோசித்தாய்.

"அப்ப, நான் பிரிட்ஜத் தொறக்குறதுக்குள்ளயே அது வந்துட்டுப் போயிடுதா?"

"கிட்டத்தட்ட."

"அதான். தின்னது ஞாபகமே இருக்க மாட்டேங்குது. இன்னொண்ணு எடுக்குற வரைக்கும் கை ஓயாது. ருசி என்னான்னு கேட்டா எனக்குத் தெரியாதுடி, சத்தியமா."

அப்படியே ஓர் ஏற்பாடு செய்தாய். வாரத்துக்கு ஒன்று. உட்கார்ந்து, பகலில், நான் பக்கத்தில் இருக்கும்போது. நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த நேரம் முழுவதும் என் போன் உன் பைக்குள். "நீ மட்டும் என்னைப் பாத்துட்டு இருந்தா எனக்கு மானக்கேடு. ரெண்டு பேரும் நோயாளியா இருந்தா சரியா வரும்." இந்த ஏற்பாடு நிலைக்காது என்றுதான் நினைத்தேன். மருத்துவரிடம் கேட்டோம். ஒளித்துத் தின்பதற்கு இது எவ்வளவோ மேல், அளவு தெரிந்தால் மருந்தை அதற்கேற்பப் பார்க்கலாம் என்றார்.

அந்த முதல் பாதுஷாவைத் தின்ன உனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. போன் இல்லாததால் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தாய்.

"ஏய், பழைய எண்ணெ வாடை அடிக்குதுடி. இதுக்கா இத்தினி நாளு அலைஞ்சேன்?"

மீதியைக் காக்காய்க்குப் போட்டாய். ஒரு பாதுஷாவை நீ பாதியில் விட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வேறு வேறு கடை, வேறு வேறு பண்டம். தின்று முடித்ததும் உனக்கு நீயே கேட்டுக்கொள்வாய்: "புடிச்சுதா, இல்ல வேணும்னு மட்டும் இருந்துச்சா?" கடைசியில் உனக்கு நிஜமாகவே பிடித்தவை மூன்றே மூன்று என்று கண்டுபிடித்தாய். அதில் ஒன்று மிளகாய்ப் பொடி தடவிய கொய்யாக்காய். அதற்கு நீ வாழ்நாளில் ஒரு தரம்கூட ஒளிந்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். தீபாவளி வாரத்தில் நீ தடம் புரண்டாய். மழைக்காலத்தில் உன் தம்பியோடு சண்டை வந்தபோதும் அப்படித்தான். ஆனால் மறுநாள் காலையில் எண் வரும். "231. நாலு தின்னேன். ஒண்ணுகூடப் புடிக்கல." நீ தின்றதைப் பற்றி நான் "சரி" என்று மட்டும் போடுவேன். அது ஒன்றுதான் நான் கற்றுக்கொண்டது.

எங்கள் கல்லூரியில் சமீபத்தில் ஒருவர் வந்து டோபமின் விரதம் என்று ஒரு மணி நேரம் பேசினார். எல்லா இன்பங்களையும் சில நாள் நிறுத்தினால் மூளை புதிதாகிவிடுமாம். டோபமின் குறைந்துபோன நோயாளிகளுக்குக் கை கால் அசைப்பதே பாடாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. நீ கேட்டிருந்தால், "அவரு பொண்டாட்டி ரெண்டு நாளு சோறு போடாம உட்டா தெரியும் விரதம்" என்றிருப்பாய். பின்வரிசையில் உட்கார்ந்து நான் தனியாகச் சிரித்தேன்.

உன் இதயம் நின்றது ஒரு வேலை நாளில், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. அந்தப் பழைய எட்டு மாதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டேன். பதினைந்து வருஷத்துச் சர்க்கரை, அதை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டேன். நான் உன்னை ஒளிய வைத்த மாதங்கள் அவை.

இனி, சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

பூங்காவில் நாம் பேசிக்கொண்டபடி, உன் எண்ணுக்குப் பதிலாக நானும் தினமும் ஒன்று அனுப்ப வேண்டும், முந்தின நாள் எத்தனை மணி நேரம் போன் பார்த்தேன் என்று. போனே கணக்கு வைத்துக்கொள்கிறது, பார்த்து எழுதினால் போதும். நான் ஒரு நாளும் அதைப் பார்த்து எழுதவில்லை. ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று வாய்க்கு வந்ததைப் போட்டேன். உண்மையில் நான்கு, நான்கரை. நீ 231 என்று அனுப்பிய அன்றும் நான் ஒன்றரை என்றுதான் அனுப்பியிருக்கிறேன். நீ ஒருமுறைகூட என் போனை வாங்கிச் சரிபார்க்கவில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று நம்பினாயோ, தெரிந்தும் விட்டுவிட்டாயோ, இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். நீ ருசி தெரியாமல் தின்பது நோய், நான் செய்வது களைப்பு தீர்ப்பது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. உன்னைவிட நான் ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தேன். நீ பெஞ்சில் பக்கத்தில்தான் இடம் போட்டிருந்தாய். நீ கடைசியாக அனுப்பியது 142. நான் போட்ட பதில், "ஒரு மணி நேரம்." அன்றைக்கு நிஜம் நான்கு மணி பத்து நிமிடம்.

நீ போன பிறகு அது ஆறு மணி நேரம்வரை போனது. துக்கம் என்று பெயர் சொல்லிக்கொண்டு பார்த்தேன். இப்போது குறைந்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து காலையில் முதல் வேலையாக அந்த எண்ணைப் பார்த்து, உள்ளபடியே என் வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். முதல் நாள் அவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு இத எங்கிட்ட சொல்ற?" என்றார். "யார்கிட்டயாவது சொல்லணும்," என்றேன். இப்போதெல்லாம் "ம்" என்கிறார். அது போதுமானதாக இருக்கிறது.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். நேற்று மூன்று மணி இருபது நிமிடம். உன் கேள்வியையும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதில் எனக்குப் பிடித்திருந்தது ஒரு பத்து நிமிடம் இருக்கும். ஏதோ ஒரு ஊரில் ஒரு அம்மாள் எருமையைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டினாள். அது கரையேற மாட்டேன் என்றது. அவளும் அவசரப்படாமல் தண்ணீரிலேயே நின்றாள். மீதி மூன்று மணி பத்து நிமிடம் என்ன பார்த்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.